வீட்டோடு மாப்பிள்ளையும் பழைய உலகப் படமும்

எங்கள் வீட்டில் யாரும் டீ குடிப்பதில்லை. பிடிக்காமல் இல்லை, வெறுத்துப்போய்விட்டது. பொழுது விடிந்ததிலிருந்து அடையும்வரை அண்டா நிறைய டீத்தூள் கொதித்துக்கொண்டே இருக்கும். அது மனிதர்களுக்கு அல்ல, காகிதத்துக்கு.

அப்பாவின் தொழில் பழைய உலக வரைபடங்களுக்கு நகல் செய்து விற்பது. எந்தக் காலத்திலோ யாரோ வரைந்த உலகம். ஓரங்களில் கன்னத்தை உப்பிக்கொண்டு காற்று ஊதும் முகங்கள் இருக்கும். கடலில் கப்பலைவிடப் பெரிய மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு இருக்கும். பாதி நிலம் இருக்கும், பாதி நிலம் இருக்காது. அதைக் கெட்டிக் காகிதத்தில் அச்சடித்து, டீத்தண்ணீரில் முக்கி, ஓரத்தை மெழுகுவத்தியில் லேசாகச் சுட்டு, மடிப்பு விழ வைத்து, சட்டம் போட்டுக் கொடுப்போம். வக்கீல்கள் வாங்குவார்கள், பல் டாக்டர்கள் வாங்குவார்கள், புது வீடு கட்டி சோபாவுக்கு மேலே என்ன மாட்டுவது என்று தெரியாதவர்கள் எல்லோரும் வாங்குவார்கள். நகல் என்று சொல்லித்தான் விற்கிறோம், ஏமாற்று வேலை கிடையாது. ஆனால் பழசாகத் தெரியாத நகலை ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கமாட்டார்கள்.

கீழே பட்டறை, மேலே வீடு. மாடிப்படி பட்டறைக்குள்தான் இறங்கும். வேறு வாசல் கிடையாது. கறிகாய் வாங்கப் போனாலும் அப்பாவின் மேஜையைத் தாண்டித்தான் போகவேண்டும், "எங்க?" என்று ஒரு கேள்வி கேட்காமல் அவர் விட்டதில்லை. வெயில் பட்டால் மை வெளிறிவிடும், காற்று அடித்தால் ஈரத்தாள் ஒட்டிக்கொள்ளும் என்று ஜன்னல்களுக்கெல்லாம் பலகை வைத்து அடைத்துவிட்டார். அடைத்த பலகை மொட்டையாக இருக்கிறதே என்று அதன்மேலும் ஒரு உலகத்தை மாட்டினார். சமையலறையில் உப்பு டப்பாவுக்குப் பின்னால் ஒரு உலகம், குளியலறைக் கதவில் ஒரு உலகம், நான் படுத்துக்கொண்டு பார்த்தால் விட்டத்துக்குக் கீழே ஒரு உலகம். இத்தனை உலகத்தை வைத்துக்கொண்டு, தெருவில் மழை பெய்கிறதா என்று தெரிந்துகொள்ள நான் படியிறங்கி அப்பாவைக் கேட்கவேண்டும்.

நான் கண் பரிசோதனை படித்தவள். 'இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா' என்று சில்லு மாற்றி மாற்றிக் கேட்கும் வேலை. ஒரு கண்ணாடிக் கடையில் கொஞ்ச காலம் பார்த்தேன். அம்மா போனபிறகு, "மெஷின யாரு பாக்கறது?" என்று அப்பா ஒரே கேள்வியில் அதை நிறுத்திவிட்டார். மெஷின் என்றால் கட்டில் நீளத்துக்கு இருக்கும் பெரிய பிரிண்டர். அதோடுதான் என் பொழுது போயிற்று. கல்யாணப் பேச்சு வந்தபோது அப்பா வைத்த நிபந்தனையும் ஒன்றுதான். மாப்பிள்ளை வீட்டோடு வரவேண்டும்.

வந்தார். பார்சல் ஆபீஸில் மூட்டைக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தவர். கெட்டிக்கார அண்ணன்கள் இரண்டு பேருக்குப் பின்னால் பிறந்து, 'இவன் எதுக்காவது ஆவானா' என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த வாயில்லாப் பூச்சி. நல்ல மனுஷன். சொன்னதைச் செய்வார், சொல்லாததைச் செய்யமாட்டார். 'உருப்படாதது' என்று நான் செல்லமாகக் கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பார். அப்பாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்த பிறகு டீச்சாயம் போடும் வேலை அவர் தலையில் விழுந்தது. அதிலும் சுமார்தான். "மாப்பிள்ளை, இது பழசு மாதிரி இல்ல, அழுக்கு மாதிரி இருக்கு" என்று அப்பா வாரம் ஒருமுறையாவது சொல்வார்.

இப்படி இருக்கும்போதுதான் கூடப் படித்தவள் ஃபோன் செய்தாள். வேறு ஊரில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் பெரிய பொறுப்பில் இருக்கிறாள். "இடம் ஒண்ணு காலியா இருக்கு. குவார்ட்டர்ஸ் உண்டு. முதல் தேதி சேரணும். நீ வரலன்னா வேற ஆளப் போட்டுருவாங்க, யோசிச்சுக்கிட்டு இருக்காதே" என்றாள். எனக்கு யோசிக்க ஒன்றும் இல்லை. படியிறங்கி நேராக அப்பாவின் மேஜைக்குப் போனேன்.

அப்பா லென்ஸைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. "மாப்பிள்ளை என்ன பண்ணுவாரு?" என்றார்.

"அங்க ஏதாவது பாத்துக்கலாம்பா."

"அப்ப சாயம் யாரு போடறது? இதோ பாரு." கையை நீட்டிக் காட்டினார். விரல்கள் தானாக ஆடின. "அவர என்னால விட முடியாது. புருஷன் ஒரு ஊரு, பொண்டாட்டி ஒரு ஊருன்னு இருக்கறது நம்ம குடும்பத்துல இல்ல. அதனால நீயும் போக முடியாது. மெஷினுக்கு மை தீந்து போச்சு பாரு, மாத்து."

பள்ளிக்கூடத்துக் கணக்கு மாதிரி இரண்டு வரியில் முடித்துவிட்டார். மையை மாற்றினேன். அழுகை வந்தது, அழுதால் தாளில் சொட்டும் என்று அடக்கிக்கொண்டேன்.

அன்று மத்தியானம் என் புருஷன் சமையலறையில் அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்தார். நான் கதவைச் சாத்தினேன். அப்பாவை எனக்குத் தெரியும். அவருக்கு மகள்மேல் பாசம் உண்டு, காகிதத்தின்மேல் அதைவிட அதிகம். முன்னால் வேலைக்கு இருந்த ஒருவர் ஒரு சுருள் தாளை ஈரத்தில் வைத்துவிட்டார் என்று அன்றே செருப்பை மாட்டிக்கொண்டு போகச் சொன்ன ஆள். ஆகவே வழி எனக்குப் பளிச்சென்று தெரிந்தது.

"ஏங்க, உங்களுக்கு ஒரு வேலை சொல்றேன். ரொம்ப சுலபம். இன்னிலேருந்து எதையும் உருப்படியா பண்ணக் கூடாது."

"அது எனக்குப் புதுசா?" என்றார்.

"விளையாடல. தாளக் கெடுங்க. நாலு தாள் கெட்டா திட்டுவாரு. நாப்பது தாள் கெட்டா, இந்த ஆள வச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு அவரே அனுப்பிடுவாரு. நீங்க போனா நானும் போகலாம். அவர் சொன்ன நியாயந்தான்."

கிளறுவதை நிறுத்திவிட்டு யோசித்தார். "கெடுக்கறதுதானே? அது நம்மளால முடியும்" என்றார். எனக்கும் அவர்மேல் முழு நம்பிக்கை இருந்தது.

மறுநாளே ஆரம்பித்தார். ஒரு வக்கீலுக்காக வைத்திருந்த பெரிய படத்தின்மேல் டீத்தண்ணீரை அண்டாவோடு சாய்த்துவிட்டார். கீழ்ப்பாதி முழுவதும் கறை. அலை அலையாக, கரையேறி, கோடு கோடாகக் காய்ந்து, பார்க்கவே சகிக்கவில்லை. நான் மாடிப்படியில் நின்றுகொண்டு அப்பா கத்துவதற்காகக் காத்திருந்தேன். அப்பா தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"கப்பல்ல தண்ணி ஏறி நனைஞ்ச மாதிரி இருக்கே மாப்பிள்ளை" என்றார்.

வக்கீல் வந்தார். அவரும் தலையைச் சாய்த்தார். இது வெள்ளத்தில் தப்பிய படமா என்று கேட்டார், நகல்தான் என்று அப்பா சொன்ன பிறகும் ஆசை அடங்காமல் தடவிப் பார்த்தார். பார்ட்னருக்கும் இதேபோல் ஒன்று வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். போனதும் அப்பா, "நம்ம இத்தனை நாள் ரொம்ப சுத்தமா பண்ணிட்டோம்" என்றார்.

சரி, சாயம் உதவாது, அச்சிலேயே கெடுத்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. அதற்கு அவருக்கு மெஷின் தெரியவேண்டும். நானே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். தாளை எப்படி ஏற்றுவது, நிறத்தை எப்படிக் கூட்டுவது, படத்தை எப்படித் திறந்து நகர்த்துவது, எல்லாம். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் என்ன என்று யாராவது கேட்டால் அந்த வாரத்தைத்தான் சொல்வேன். அவர் ஆசையாகக் கற்றுக்கொண்டார். அதை நான் கவனித்திருக்கவேண்டும்.

நிறங்களைக் கோட்டை விட்டு நகர்த்தி நாற்பது தாள் அச்சடித்தார். சிவப்பு எல்லை ஒருபக்கம், மலை இன்னொருபக்கம், கடலின் பச்சை கரையேறி ஊருக்குள் வந்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டுத் தன் கண்ணில்தான் கோளாறு என்று ஒரு நோயாளி சொன்னால் நான் நம்பியிருப்பேன். அப்பா லென்ஸை வைத்துப் பார்த்தார். "அந்தக் காலத்துல கையால வண்ணம் பூசினா இப்படித்தான் கோட்ட விட்டு வெளிய போகும்" என்று முதுகில் தட்டினார். நாற்பது தாளும் விற்றுப்போயிற்று.

அடுத்து ஒரு தேசத்தையே அழிக்கச் சொன்னேன். அழித்தார். அந்த இடத்தில் வெறும் கடல் நன்றாக இல்லை என்று இன்னொரு மூலையிலிருந்த மீனை எடுத்து அங்கே வைத்தார். ஒரு பேராசிரியர் வந்து மூக்குக் கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, "எங்க பூர்வீகமே இங்கதான் ஐயா. அதையே காணோமே" என்றார். ஒருவழியாக மாட்டினோம் என்று எனக்குச் சந்தோஷம்.

"அப்ப யாருக்கும் தெரியாதுங்க" என்றார் அப்பா. "கப்பல்ல போனவனுக்கு மீன்தான் தெரிஞ்சிருக்கும்."

பேராசிரியர் சிரித்த சிரிப்பில் மேஜை குலுங்கியது. தன் அண்ணனுக்குக் கொடுக்கவேண்டும் என்று இரண்டாக வாங்கிக்கொண்டு போனார். சுவரில் மாட்டுகிறவன் வழி கேட்கவா மாட்டுகிறான்?

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். எங்கள் வீட்டில் குரங்கு பிடிக்கப் போகப் போக எல்லாம் பிள்ளையாராகவே முடிந்துகொண்டிருந்தது. தேதி மட்டும் நெருங்கியது. நான் படுத்துக்கொண்டு விட்டத்துக்குக் கீழே இருந்த உலகத்தைப் பார்ப்பேன். மூச்சு முட்டும். எழுந்து ஜன்னலுக்குப் போவேன், கையில் பலகைதான் தட்டுப்படும். பக்கத்தில் அவர் நன்றாகத் தூங்கிக்கொண்டிருப்பார். இப்போதெல்லாம் அவருக்கு நல்ல தூக்கம் வந்தது. அப்பா அவரைக் கூப்பிடும் குரல் மாறியிருந்தது. சாப்பிடும்போது "மாப்பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் போடு" என்றார். இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததில்லை.

அப்போதுதான் ஹோட்டல் வேலை வந்தது. ஹோட்டலுக்கு உள்ளலங்காரம் செய்யும் பெண்மணி ஒருவர், அறைக்குள்ளேயும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றமாட்டார். நாங்கள் அவருக்கு வைத்த பெயரும் அதுதான். ஹோட்டல் முன்கூடத்தில் வரவேற்பு மேஜைக்குப் பின்னால் சுவர் முழுக்க ஒரே உலகம் வேண்டுமாம். ஒரே தாளில் வராது, பட்டை பட்டையாக அச்சடித்து, சுவரில் பசை தடவி, விளிம்போடு விளிம்பு சேர்த்து ஒட்டவேண்டும். அப்பாவின் தொழிலில் அதுவரை வராத பெரிய வேலை. நல்லா வந்தா இன்னும் பல இடம் இருக்கு என்று கறுப்புக் கண்ணாடி சொல்லிவிட்டுப் போனார். அப்பா புதுச் சட்டை தைக்கக் கொடுத்தார்.

எனக்கு ஒரு விஷயம் ரொம்ப லேட்டாகத்தான் உறைத்தது. கறை, கிழிசல், கோணல், பிழை, எதைச் செய்தாலும் அது பழமை ஆகிவிடுகிறது. அப்படியென்றால் இந்தத் தொழிலில் செய்யக்கூடிய தப்பு ஒன்றே ஒன்றுதான். புதுசாக விட்டுவிடுவது.

"ஒண்ணும் செய்யாதீங்க" என்றேன் அவரிடம். "டீ வேண்டாம், மெழுகுவத்தி வேண்டாம். மெஷின்லேருந்து வந்த மாதிரி வெள்ளையா சுருட்டி எடுத்துக்கிட்டுப் போவோம். காலண்டர் மாதிரி பளபளன்னு இருக்கும். கறுப்புக் கண்ணாடி அங்கயே தூக்கிப் போட்டுரும். அப்பா உங்களை வாசல்லகூட நிக்க விட மாட்டாரு."

"மாமாவுக்கு ரொம்ப வருத்தமா இருக்குமே" என்றார்.

"எனக்கு?" என்று கேட்டேன்.

தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, "சரி" என்றார். "ஒண்ணும் செய்யல."

பட்டைகளை நானே அச்சடித்துக் காயப் போட்டுவிட்டு, ஆஸ்பத்திரியில் சான்றிதழ் காட்டவேண்டும் என்று ஒருநாள் போய்வந்தேன். அப்பாவிடம் பல்வலி என்று சொன்னேன். அங்கே எனக்கான குவார்ட்டர்ஸைத் திறந்து காட்டினார்கள். ஒரே அறை, ஒரு சின்னச் சமையல் மூலை. ஜன்னல் பெரிசு. நான் அதைத் திறந்து மூடினேன், மறுபடி திறந்தேன். சுவர்கள் வெறும் சுவர்களாக இருந்தன, ஒரு ஆணிகூட இல்லை. நான் வெறும் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

"ரொம்ப மொட்டையா இருக்குன்னா ஏதாவது படம் மாட்டிக்கலாம்" என்றார் சாவி கொண்டுவந்த அம்மா.

"வேண்டாம்மா. இப்படியே இருக்கட்டும்" என்றேன். அந்த அம்மா என்னை ஒருமாதிரியாகப் பார்த்தார். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஹோட்டலுக்குப் போன அன்று அப்பா புதுச் சட்டையில் முன்கூடத்து சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தார். நானும் என் புருஷனும் ஆளுக்கொரு ஏணி. சுவர் வேலை நடுவிலிருந்துதான் தொடங்கவேண்டும். நடுப்பட்டை கோணினால் உலகமே கோணும். தூக்குநூல் விட்டுச் செங்குத்தாகக் கோடு போட்டேன், பசை தடவினேன், சுருளின் மேல்நுனியைப் பிடித்துக்கொண்டு அவிழ்த்தேன்.

வெள்ளையாக இல்லை.

முதலில் விளக்கு வெளிச்சம் என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சம் அவிழ்த்தேன். மெல்லிய பழுப்பு, ஓரத்திலிருந்து உள்ளே வர வரக் குறைந்துகொண்டே போய், நிலத்தைத் தொடுமிடத்தில் இல்லாமலே ஆகியிருந்தது. மடிப்பு விழுந்த இடத்தில் மட்டும் ஒரு இழை கூடுதல். கடலின் நடுவில் யாரோ எப்போதோ விரல் வைத்துப் பார்த்த மாதிரி ஒரு தேய்மானம். கொட்டியதும் இல்லை, சாய்த்ததும் இல்லை. ஒவ்வொரு அங்குலமும் பஞ்சால் தொட்டுத் தொட்டுச் செய்தது. நான் பட்டறை வீட்டில் பிறந்து வளர்ந்தவள், அப்பா கை நன்றாக இருந்த காலத்தில்கூட இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.

"என்னங்க இது?" என்றேன் மெதுவாக. கீழே அப்பா இருக்கிறார்.

"நீ இல்லாத அன்னிக்கு ஒரு ஓரத்துல மட்டும் லேசா போட்டேன். சும்மா வச்சிருந்தா கை என்னவோ பண்ணுச்சு" என்றார். "அந்த ஓரம் மட்டும் தனியாத் தெரிஞ்சுது. சரின்னு பக்கத்துல கொஞ்சம் போட்டேன். அப்புறம் எல்லாத்துக்கும் போட வேண்டியதாப் போச்சு."

"நம்ம போறதுக்காகத்தானே சொன்னேன்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

பசை காய்ந்துகொண்டிருந்தது. பேசிக்கொண்டிருந்தால் பட்டை ஒட்டாது. நான் வேண்டுமென்றால் கையை விட்டிருக்கலாம். பட்டை சறுக்கி, மடங்கி, ஒட்டிக்கொண்டு நாசமாகியிருக்கும், அதையும் பழமை என்று சொல்ல யாராலும் முடியாது. விடத்தான் நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா வந்திருக்கு இல்ல?" என்றார். "எங்க வீட்டுல யாரும் நான் ஒரு வேலைய நல்லா பண்ணேன்னு சொன்னதில்ல. நீயும் சொன்னதில்ல. உங்கப்பாதான் சொன்னாரு."

உண்மைதான். செல்லமாகத்தான் சொன்னேன் என்றாலும், உருப்படாதது உருப்படாததுதானே. கோபமும் வெட்கமும் ஒன்றாக வந்தன. பட்டையைக் கோட்டில் வைத்து, துணியால் மேலிருந்து கீழாக நீவி ஒட்டினேன். அடுத்த சுருளை அவர் எடுத்துக் கொடுத்தார்.

வேலை முடிந்ததும் கறுப்புக் கண்ணாடி வந்தார். சுவரைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார். அவருக்குக் கண்கள் இருப்பதை அன்றுதான் பார்த்தேன். இந்த ஹோட்டலுக்கு எத்தனை கிளை உண்டோ அத்தனைக்கும் இதே கை வேண்டும் என்றார். "யாரு பண்ணது?" என்று கேட்டதற்கு அப்பா எழுந்து நின்றார். ஆடுகிற கையை மருமகன் தோளில் வைத்து, "எங்க மாப்பிள்ளை" என்றார். அப்பாவின் கண் கலங்கியிருந்தது. என் புருஷன் சுவரோடு சுவராக நின்றுகொண்டு சிரித்தார். அவ்வளவு அழகாக அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. நான் ஏணியை மடக்கப் போனேன்.

மறுநாள் காலை படியிறங்கி, அப்பாவின் மேஜைக்கு முன்னால் நின்றேன். அவர் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டு மாப்பிள்ளையும் உட்கார்ந்திருந்தார். கிளைகளுக்கான சுவர் அளவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தமுறை கெஞ்சக் கூடாது, சண்டை போடுவது என்று தீர்மானித்திருந்தேன். என்னென்ன சொல்லவேண்டும் என்று இரவெல்லாம் அடுக்கி வைத்திருந்தேன். புருஷன் ஒரு ஊர் பொண்டாட்டி ஒரு ஊர் என்றால் அப்படியே இருக்கட்டும், கதவை உடைத்துக்கொண்டாவது போவேன் என்று கத்த வாயைத் திறந்தேன்.

"முதல் தேதி நான் வேலையில சேரணும்பா."

"போயிட்டு வாயேன்" என்றார் அப்பா.

நான் சரியாகத்தான் கேட்டேனா என்று நின்றேன்.

"மெஷின்தான் மாப்பிள்ளைக்கு நல்லா வருதே. இன்னும் சொல்லப்போனா உன்னைவிட நிதானமாப் பண்றாரு" என்றார். அளவுகளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இங்க இருந்துதான் நீ என்ன பண்ணப் போற? லீவு கிடைக்கும்போது வந்து போ."

குடும்பத்தில் இல்லாத பழக்கம் ஒரு ராத்திரியில் வந்துவிட்டது. இந்த வார்த்தைக்காக எத்தனை வருஷம் காத்திருந்தேன். அது கோபமாக வந்திருந்தால் தாங்கியிருப்பேன், பாசமாக வந்திருந்தால் விழுந்து கும்பிட்டிருப்பேன். மை தீர்ந்த டப்பாவைத் தூக்கி ஓரமாக வைக்கிற மாதிரி வந்தது. அப்பா என்னை மகளாகத்தான் கட்டி வைத்திருக்கிறார், விடமுடியாமல்தான் வைத்திருக்கிறார் என்று அத்தனை நாளும் மனசின் ஒரு மூலையில் நம்பிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. அது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

என் புருஷனைப் பார்த்தேன். "நீங்க?" என்றேன்.

அவர் எழுந்து என்னோடு மாடிப்படி வரைக்கும் வந்தார். கைவிரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டே, "நீ முதல்ல போ. இந்த ஹோட்டல் வேலை முடிஞ்சதும் பின்னாடியே வந்துடறேன்" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன், அதை அவர் நம்பித்தான் சொன்னார். ஒரு கிளை முடிந்தால் இன்னொரு கிளை வரும், ஹோட்டல் முடிந்தால் பாங்கு வரும். அவரைத் திட்டவேண்டும் போல இருந்தது. ஆனால் அவர் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார். கல்யாணத்தன்றுகூட அவர் இப்படி நிமிர்ந்து நிற்கவில்லை.

"நல்லா வந்திருந்துச்சுங்க" என்றேன். "அந்தச் சுவரு."

"நெஜமாவா?"

"நெஜமாத்தான்" என்றேன். அவர் முகம் மலர்ந்தது, எனக்குத் தாங்கவில்லை, பெட்டி கட்டவேண்டும் என்று மேலே வந்துவிட்டேன்.

கிளம்பிய காலையில் இரண்டு பேரும் வாசல்வரை வந்து வழியனுப்பினார்கள். அப்பா ஒரு சுருளைக் கட்டிக் கையில் கொடுத்தார், புது வீட்டில் மாட்டிக்கொள்ள. வேண்டாம் என்று சொல்லமுடியாமல் வாங்கிக்கொண்டேன். "பத்திரம்" என்றார் அப்பா. "போனதும் ஃபோன் பண்ணு" என்றார் அவர். இரண்டு பேரும் ஒரே மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். நான் தெருமுனை திரும்புவதற்கு முன்னால் திரும்பிப் பார்த்தேன். உள்ளே போயிருந்தார்கள், வேலை கிடக்கிறதே.

பஸ்ஸில் பக்கத்தில் ஒரு அம்மா. என் பெட்டி, தலையணை, ஸ்டவ் எல்லாவற்றையும் ஒருமுறை நோட்டம் விட்டார். ஜன்னல் ஓரத்தை எனக்குக் கொடுத்துவிட்டு, பேச்சுக் கொடுக்க ஆரம்பித்தார்.

"அம்மா வீட்டுலேருந்து வர்றியாம்மா?"

"அப்பா வீட்டுலேருந்து."

"வீட்டுக்காரர் அங்க காத்துக்கிட்டு இருப்பாரு."

"இல்லைங்க. அவரு அப்பா வீட்டுலதான் இருக்காரு."

"உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லா இருக்காரு."

அந்த அம்மாவுக்குக் குழப்பம். கொஞ்ச நேரம் விரலை மடக்கி யோசித்தார். ஊர் உலகத்தில் கல்யாணம் ஆனவள் பிறந்த வீட்டை விட்டுப் போனால் புருஷனோடு போவாள், இல்லையென்றால் புருஷனிடம் போவாள். மூன்றாவதாக ஒரு வழியை அவர் கேள்விப்பட்டதில்லை போலும். புருஷனைப் பிறந்த வீட்டில் மகனாக விட்டுவிட்டு வரும் பெண்ணை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

"அப்ப நீ யார்கிட்டம்மா போற?" என்று கேட்டார்.

பஸ் ஊரைத் தாண்டியிருந்தது. காற்று முகத்தில் அறைந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தால், சொல்ல ஒரு ஆள்கூட நினைவுக்கு வரவில்லை.

"வேலைக்குப் போறேங்க" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன்.